பாஸான பொருள் பற்றி எரிந்தது ஏன்?

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் நாம என்ன செய்வோம்? ஜன்னல் சீட் கிடைச்சா செல்ஃபி. கிடைக்கலைன்னா, கிடைச்ச ஆளைப் பார்த்து லேசா ஒரு பெருமூச்சு. அடுத்த தடவை, ஒரே ஒரு நிமிஷம் சுற்றிலும் பாருங்க. சீட் உறை, அதுக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்ச், கால் பதிக்கும் கார்பெட், பக்கச் சுவர், தலைக்கு மேல பெட்டி வைக்கும் அலமாரி, டாய்லெட் பக்கத்துத் திரைச்சீலை... இத்தனையும் ஏற்கெனவே ஒரு தடவை தீயில் குளிச்ச ஜாதி.

பயப்படாதீங்க. உங்க சீட்டை யாரும் கொளுத்திப் பார்த்துட்டு விமானத்தில் மாட்டலை. அதே துணி, அதே பலகையிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒரு லேபில் வைத்து எரித்துப் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு நீளம் எரிந்தது, எத்தனை விநாடியில் அணைந்தது என்று அளந்து, 'பாஸ்' என்று எழுதின பிறகுதான் அந்தப் பொருளுக்கு விமானத்துக்குள் இடம்.

'சரி, பாஸ் ஆயிடுச்சு. அப்புறம் என்ன கதை?' என்கிறீர்களா? கதையே அங்கேதான் ஆரம்பிக்குது. அப்படி முறைப்படி பாஸ் ஆன ஒரு பொருள், 1998-ல் நடுவானில் பற்றி எரிந்தது. தேறினது பொருள்தான். தேறாமல் போனது பரீட்சை! இந்த வாரம் நாம பார்க்கப்போறது அந்தப் பரீட்சையைத்தான்.

உங்க லேபில் இருக்கிற அதே பர்னர்

விமானப் பொருள்களுக்கான அடிப்படை டெஸ்ட்டைக் கேட்டா சிரிப்பீங்க. நம்ம கெமிஸ்ட்ரி லேபில் இருக்கிற அதே புன்சன் பர்னர்தான் ஹீரோ.

ஏறக்குறைய 7 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு. காற்று அடிக்காத ஒரு பெட்டிக்குள் அதைச் செங்குத்தாகத் தொங்கவிடுவார்கள். கீழ் விளிம்பில் பர்னர் சுடர். சுடரின் உயரம் சுமார் 4 செ.மீ., வெப்பம் குறைந்தது 843 டிகிரி செல்சியஸ். சுவர்ப் பலகை, கூரைப் பலகை மாதிரி ஐட்டங்களுக்கு 60 விநாடி சூடு. கார்பெட், திரைச்சீலை, சீட் துணி வகையறாவுக்கு 12 விநாடி. பிறகு சுடரை எடுத்துவிட்டு, கையில் ஸ்டாப் வாட்ச்சோடு காத்திருப்பார்கள்.

12 விநாடி டெஸ்ட்டுக்குப் பாஸ் மார்க் என்ன? எரிந்த நீளம் சராசரியாக 20 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். சுடரை எடுத்த பிறகு 15 விநாடிக்குள் தானாகவே அணைய வேண்டும். உருகிச் சொட்டினால், சொட்டு கீழே விழுந்து 5 விநாடிக்கு மேல் எரியக்கூடாது. 60 விநாடி டெஸ்ட்டில் நீளம் 15 செ.மீ., சொட்டு 3 விநாடி என்று இன்னும் கறார். ஒரு துண்டோடு முடியாது, குறைந்தது மூன்று துண்டுகளை எரித்துச் சராசரி எடுப்பார்கள்.

அமெரிக்காவின் ஃபெடரல் ஏவியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமா எஃப்.ஏ.ஏ., வகுத்த விதி இது. உலகத்தின் பெரும்பாலான பயணிகள் விமானங்கள் இதையோ, இதை ஒட்டிய ஐரோப்பிய விதியையோதான் பின்பற்றுகின்றன.

கவனிங்க, 'எரியவே கூடாது' என்று விதி சொல்லலை. எரியலாம், ஆனா மெதுவா எரியணும், தானா அணையணும். ஏன் இந்தத் தாராளம்? போதுமான அளவு சூடு கொடுத்தால் கேபினில் இருக்கும் துணி, பிளாஸ்டிக், ஸ்பாஞ்ச் எல்லாமே எரியும். முழுக்க இரும்பில் கேபின் கட்டினால் விமானம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டாது! அதனால் லேபில் இருப்பவர்கள் தேடுவது நேரம். பயணிகள் இறங்கித் தப்பிக்கத் தேவையான சில நிமிஷங்கள்.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு தேதி

விமானத் துறையில் விதிகள் ஏ.சி. ரூமில் சும்மா பிறப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியில் சிலர் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

1973 ஜூலை 11. ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் வந்துகொண்டிருந்த வாரிக் நிறுவனத்தின் போயிங் 707. பின்பக்க டாய்லெட்டில் தீ. குப்பைத் தொட்டியில் போட்ட சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்பது பலமான சந்தேகம். காக்பிட் வரைக்கும் புகை. எதிரே இருக்கும் கருவிகளே தெரியாத நிலையில், ஓர்லி விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே வயல்வெளியில் இறக்கினார்கள். இருந்த 134 பேரில் 123 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது மோதல் அல்ல, புகை. புகை பிடிக்கத் தடை இருக்கிற இன்றைய விமானத்தின் டாய்லெட் பக்கத்திலும் ஒரு சின்ன ஆஷ்ட்ரே இருக்கும், பார்த்திருக்கீங்களா? அதுக்கு வேர் இந்த விபத்தில்தான். தடையை மீறி யாராவது பற்ற வைத்தாலும், துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுத் தொலைக்கக்கூடாதே!

1983 ஜூன் 2. ஏர் கனடாவின் டிசி-9. டாய்லெட் பக்கம் புகை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் பத்திரமாகத் தரையிறங்கியும் விட்டது. கதவுகள் திறந்தன. வெளியே தீயணைப்பு வண்டிகள் ரெடி. ஆனால் கதவு திறந்து ஒன்று, ஒன்றரை நிமிஷத்துக்குள் உள்ளே ஒரே நேரத்தில் எல்லாம் பற்றிக்கொண்டது. 46 பேரில் 23 பேர் வெளியே வந்தார்கள். மற்ற 23 பேரால் வர முடியவில்லை.

இந்த 'ஒரே நேரத்தில் எல்லாம் பற்றிக்கொள்வது' இருக்கே, அதுக்குப் பெயர் ஃபிளாஷ் ஓவர். தீ ஒரு மூலையில்தான் எரியும். ஆனால் சூடான புகை மேலே போய்க் கூரைக்கு அடியில் ஒரு படலமாகத் தங்கும். அந்தப் படலம் கீழே இருக்கிற சீட், பலகை எல்லாவற்றையும் அடுப்பு மாதிரி காய்ச்சும். ஒரு கட்டத்தில் மொத்த கேபினும் குபீர். அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர்களுக்கு வாய்ப்பு இல்லை. ஆக, அந்த 'குபீர்' கணத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியும் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் புன்சன் பர்னர் முழி பிதுங்கியது. விரல் நீளச் சுடர் ஒரு சின்னத் துண்டைத் தொட்டுவிட்டுப் போவதற்கும், ஒரு விமானத்துக்கு அடியில் எரிபொருள் தேங்கி எரிவதற்கும் சம்பந்தமே இல்லையே! அதனால் 1984-ல் சீட் குஷனுக்குத் தனிப் பரீட்சை வந்தது. முழு அளவு குஷனை உட்காரும் நிலையில் மாட்டி, எண்ணெயில் எரியும் ஒரு பெரிய பர்னரைப் பக்கவாட்டில் வைத்து இரண்டு நிமிஷம் பொசுக்குவார்கள். எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது. இதில் தேறுவதற்காகத்தான் சீட் துணிக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் தீ தாங்கும் ஒரு மெல்லிய அடுக்கு வந்தது. நீங்க சாய்ந்து தூங்கும்போது அந்த அடுக்கு உங்க முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் டியூட்டி பார்க்குது.

1985 ஆகஸ்ட் 22-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் போயிங் 737 ஒன்று ஓடுபாதையிலேயே தீப்பிடித்து 55 பேர் இறந்தார்கள். அவர்களில் 48 பேரைக் கொன்றது புகை. அடுத்த சில வருஷங்களில், சுவர், கூரை மாதிரி பெரிய பலகைகளுக்கு இன்னும் இரண்டு பரீட்சைகள் சேர்ந்தன. எரியும்போது எவ்வளவு வெப்பம் வெளியிடுது என்பது ஒன்று, எவ்வளவு புகை கக்குது என்பது இன்னொன்று. வெப்ப டெஸ்ட் அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி உருவாக்கின கருவியில் நடக்கும். அதன் பாஸ் மார்க்குக்கு லேப்காரர்கள் வைத்த செல்லப் பெயர் '65/65'. முதல் இரண்டு நிமிஷத்தில் வெளிவரும் மொத்த வெப்பத்துக்கும், உச்சக்கட்ட வெப்ப வேகத்துக்கும் ஆளுக்கொரு 65 என்று வரம்பு. 1990-லிருந்து இது கட்டாயம்.

இத்தனை பரீட்சைகள் வந்தாச்சே, இனிமேல் கவலை இல்லை என்று தோணுதா? அப்படித்தான் பலரும் நினைத்தார்கள்.

21 நிமிஷம்

1998 செப்டம்பர் 2. நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குக் கிளம்பியது ஸ்விஸ் ஏர் 111. எம்.டி.11 ரக விமானம். உள்ளே 229 பேர். கிளம்பி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பைலட்டுகளுக்கு ஏதோ வாடை. முதலில் ஏ.சி. பிரச்னை என்று நினைத்தார்கள். பிறகு புகை தெரிந்தது. பக்கத்திலிருந்த கனடாவின் ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்துக்குத் திரும்பினார்கள். போய்ச் சேரவில்லை. வாடை வந்த நேரத்திலிருந்து சுமார் 21 நிமிஷத்தில், பெக்கீஸ் கோவ் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

கனடாவின் விசாரணைக் குழு கடலுக்கு அடியிலிருந்து லட்சக்கணக்கான துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, விமானத்தின் முன்பகுதியை மறுபடி பொருத்திப் பார்த்தது. நாலு வருஷத்துக்கு மேல் உழைத்து, 2003 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. காக்பிட்டின் பின்பகுதியில், கூரைக்கு மேலே மறைந்திருந்த இடத்தில் ஒரு வயரில் ஏற்பட்ட மின்பொறி தீயைத் தொடங்கியிருக்க வேண்டும். பொறி தானே, என்ன செய்துவிடும்? பக்கத்தில் எரிய எதுவும் இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் பக்கத்தில் ஒன்று இருந்தது.

விமானத்தின் உலோக உடலுக்கும் உள்சுவருக்கும் நடுவில், குளிரையும் சத்தத்தையும் தடுக்க ஒரு போர்வை சுற்றியிருப்பார்கள். அந்தப் போர்வையின் மேலுறை, உலோகப் பூச்சுப் பூசிய பாலியெஸ்டர் தாள். பார்க்கச் சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் மாதிரி பளபளன்னு இருக்கும். தீ இந்த உறையில் பற்றி, போர்வை போர்வையாகத் தாவியது.

இப்போ ஷாக்கான விஷயம். இந்த உறை, நாம மேலே பார்த்த 12 விநாடி புன்சன் பர்னர் டெஸ்ட்டில் முறைப்படி தேறியது. யாரும் காசு வாங்கிக்கொண்டு மார்க் போடவில்லை. யாரும் பிட் அடிக்கவில்லை. அப்புறம் எப்படி?

பிளாஸ்டிக் கவரை மெழுகுவத்திப் பக்கம் கொண்டுபோனால் என்ன ஆகும்? பற்றுவதற்கு முன்னாலேயே சுருண்டு சுருங்கி விலகும். இந்தத் தாளும் அதையேதான் செய்தது. செங்குத்தாகத் தொங்கும் சின்னத் துண்டு, கீழே சின்னச் சுடர். சூடு பட்டதும் தாள் சுருங்கிச் சுடரை விட்டு விலகிவிட்டது. சுடர் எடுக்கப்பட்டது. எரிந்த நீளம் கம்மி. பாஸ்! ஆனால் விமானத்துக்குள் அது சின்னத் துண்டா? மீட்டர் கணக்கில் விரித்துப் போட்ட போர்வை. கிடையாக, மடிப்புகளோடு, மூடின இடத்தில், பக்கத்திலேயே வேறு பொருள்களும் எரிய... அங்கே விலகிப் போக இடமேது?

மனசை ரொம்பவே உறுத்தும் சங்கதி இன்னொன்று உண்டு. இந்த வகை உறை தீயைப் பரப்புகிறது என்ற செய்தி 1998-க்கு முன்னாலேயே வர ஆரம்பித்திருந்தது. 1993-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில், தரையில் இருந்த எம்.டி.87 ஒன்றில் போர்வைகள் எரிந்தன. பிறகு சீனாவிலிருந்தும் புகார். விமானத்தைத் தயாரித்த நிறுவனமே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியைக் கொளுத்தி உறை மேல் வைத்துப் பார்த்தது. உறை எரிந்தது. பர்னர் கண்டுபிடிக்காததைப் பஞ்சுக் குச்சி கண்டுபிடித்தது! அந்த உறையை மாற்றிவிடுங்கள் என்று விமான கம்பெனிகளுக்கு யோசனையும் போனது. ஆனால் யோசனைதான், கட்டாயம் இல்லை. விதிப்படி அது 'பாஸ்' ஆன பொருளாச்சே!

கேள்வித்தாளை மாற்று

அதன் பிறகு வேலை மளமளன்னு நடந்தது. 2000-ல் எஃப்.ஏ.ஏ. உத்தரவு போட்டது. அமெரிக்காவில் சுமார் 700 விமானங்களில் அந்த உறைப் போர்வைகளை ஐந்து வருஷத்துக்குள் கழற்றி மாற்ற வேண்டும். அதோடு நிற்காமல் பரீட்சையையே மாற்றினார்கள்.

புதிய டெஸ்ட்டில் போர்வைத் துண்டைக் கிடையாகப் படுக்க வைப்பார்கள். மேலே சூடான ஒரு தகடு அடுப்பு மாதிரி தகிக்கும். ஆக, பக்கத்தில் ஏற்கெனவே தீ இருக்கிற சூழ்நிலை தயார். பிறகு ஒரு சின்னச் சுடரை 15 விநாடி தொட வைப்பார்கள். தொட்ட இடத்திலிருந்து தீ 5 செ.மீ.-ஐத் தாண்டக்கூடாது. சுடரை எடுத்ததும் 3 விநாடிக்குள் அணைய வேண்டும். சுருங்கி விலகித் தப்பிக்கும் வித்தையெல்லாம் இங்கே எடுபடாது. பழைய டெஸ்ட் 'இந்தத் துண்டு எரியுமா?' என்று கேட்டது. புதிய டெஸ்ட் 'இதன் மேல் தீ நடக்குமா?' என்று கேட்குது. கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவதுதான்.

2003-ல் விதி வந்தது. 2005 செப்டம்பர் 2-க்குப் பிறகு தயாராகும் பெரிய பயணிகள் விமானங்களுக்கு இது கட்டாயம். இன்னொரு டெஸ்ட்டும் சேர்ந்தது. விமானத்துக்கு வெளியே எரிபொருள் எரிந்தால், போர்வை குறைந்தது நாலு நிமிஷம் தீயை உள்ளே விடாமல் தாங்க வேண்டும். 2009 செப்டம்பர் 2 முதல் அதுவும் கட்டாயம்.

ஒரே உப்பு, ஆளுக்கொரு ரீடிங்

சரி, கேள்வித்தாள் மாறியாச்சு. பேப்பர் திருத்துகிற ஆள் ஒழுங்கா?

கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் செய்திருப்பீங்க. ஒரே பாட்டில் கரைசல், ஒரே மாதிரி பியூரெட். ஆனால் பத்துப் பேருக்குப் பத்து ரீடிங். ஒருத்தருக்கு லேசா பிங்க் வந்ததும் 'ஸ்டாப்'. இன்னொருத்தர் ரோஸ் மில்க் ஆகிற வரைக்கும் சொட்டு விடுவார். மூணாவது ஆள் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார். அவரை விடுங்க.

விமான லேப்களிலும் கிட்டத்தட்ட இதே தலைவலி. ஒரே துணியை ஒரு நாட்டு லேப் பாஸ் என்கும், இன்னொரு நாட்டு லேப் ஃபெயில் என்கும். எல்லாரும் விதிப்படிதான் செய்கிறார்கள். பின்னே ஏன்?

காரணங்கள் எல்லாம் அற்பமாகத் தெரியும். முதலில் ஈரப்பதம். மழைக்காலத் துணியும் வெயில்காலத் துணியும் ஒரே மாதிரி எரியாது. அதனால்தான் எரிப்பதற்கு முன் துண்டுகளைச் சுமார் 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் 24 மணி நேரம் 'ஊற' வைக்க வேண்டும் என்று விதியே இருக்கு. அடுத்து வெப்பத்தை அளக்கிற கம்பி. அதன் தடிமன் மாறினால் காட்டும் அளவும் மாறும். கருவிக்குள் கரி படிந்தாலும் அப்படித்தான்.

பெரிய வில்லன், சீட் குஷனைப் பொசுக்கும் அந்த எண்ணெய் பர்னர். அடிப்படையில் அது குளிர் நாட்டு வீடுகளைச் சூடாக்கும் பர்னர். மோட்டார் சுழன்று காற்றை ஊதும். கரன்ட் வோல்டேஜ் ஏறி இறங்கினால் மோட்டார் வேகம் மாறும், காற்று மாறும், சுடர் மாறும், ரிசல்ட் மாறும். வோல்டேஜ் பற்றி நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை! போதாக்குறைக்கு, விதிப் புத்தகத்தில் இருந்த அந்த மாடல் பர்னரைத் தயாரிப்பதையே கம்பெனி நிறுத்திவிட்டது.

நியூஜெர்ஸி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டி அருகே இருக்கிற எஃப்.ஏ.ஏ.-வின் வில்லியம் ஜே. ஹியூஸ் டெக்னிக்கல் சென்டரில் இதுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நெக்ஸ்ஜென் பர்னர் என்று பெயர். மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அழுத்தப்பட்ட காற்றை ஒரு குறுகலான துளை வழியாக அனுப்பினார்கள். துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொடும்படி ஒரு ஏற்பாடு. அதில் என்ன லாபம்? முதல் நாள் முதல் ஷோ முடிந்து கூட்டம் ஒற்றைக் கதவு வழியாக வெளியே வருவதை நினைச்சுக்குங்க. கதவு பிதுங்கினபிறகு, வெளியே ரோடு எவ்வளவு காலியாக இருந்தாலும் நிமிஷத்துக்கு வரும் ஆட்கள் எண்ணிக்கை கூடாது. அதே மாதிரி, அந்தத் துளையைத் தாண்டி என்ன நடந்தாலும் காற்றின் அளவு மாறாது. உள்ளே கொடுக்கும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒரே மாதிரி வைத்தால் போதும். எந்த ஊர் லேபாக இருந்தாலும் ஒரே காற்று. எரிபொருளின் வெப்பநிலையையும் இதே போல் கட்டுக்குள் வைத்தார்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? அதுக்குத்தான் 'ரவுண்ட் ராபின்'. ஒரே சுருளிலிருந்து வெட்டிய துண்டுகளைப் பல நாட்டு லேப்களுக்கு அனுப்புவார்கள். எல்லாரும் எரித்து ரீடிங்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். எந்த லேப் தனியாக விலகி நிற்கிறதோ, அங்கே கருவியில் என்ன குறை என்று தோண்டுவார்கள். எல்லா லேபும் சிதறினால், கோளாறு விதியின் வாசகத்தில் என்று அர்த்தம். நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு இதே மாதிரி ஒரு திட்டம் நடத்துது. ஒரே சாம்பிளைப் பல லேப்களுக்கு அனுப்பி, யார் ரீடிங் விலகுது என்று பார்ப்பார்கள். உங்க சுகர் ரிப்போர்ட்டுக்கும் விமான சீட்டுக்கும் இப்படி ஒரு சொந்தம்!

விமானத் தயாரிப்பாளர்கள், துணி, பலகை தயாரிப்பவர்கள், தனியார் லேப்கள், அரசு அதிகாரிகள் எல்லாரும் சேர்ந்த ஒரு சர்வதேசக் குழு இதுக்காகவே அவ்வப்போது கூடுது. அங்கே நடக்கும் விவாதத்தைக் கேட்டால் கொட்டாவி வரும். பர்னரின் கூம்பு எவ்வளவு தடிமன், கம்பியை எத்தனை மில்லிமீட்டர் தள்ளி வைக்கணும்... அந்தக் கொட்டாவிக்குள் 229 பேரின் கதை இருக்கு என்பது தெரிந்தால் தூக்கம் வராது.

ஹனேடாவில் வந்த ரிசல்ட்

2024 ஜனவரி 2. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல் படையின் சின்ன விமானத்தில் மோதியது. சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். ஏ350 எரிந்துகொண்டே ஓடி நின்றது. உள்ளே 379 பேர். எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. கடைசி ஆள் வெளியே வரும்போது மோதி சுமார் 18 நிமிஷம். 379 பேரும் உயிரோடு! பிறகு அந்த விமானம் எலும்புக்கூடாக எரிந்து விழுந்ததை உலகமே டி.வி.யில் பார்த்தது.

இதுக்கு மாலை யாருக்கு? முதல் மாலை, பதறாமல் வழி நடத்திய விமான ஊழியர்களுக்கு. இரண்டாவது, பெட்டிகளை விட்டுவிட்டு இறங்கிய பயணிகளுக்கு. இந்த இருவருக்கும் வேலை செய்ய நேரம் வேண்டுமே! அந்த நேரத்தைத் தருவதற்காகத்தான் இத்தனை வருஷமாக லேப்களில் துண்டு துண்டாக எரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பரீட்சை முடிந்துவிட்டதா? இல்லை. விமான கம்பெனி கொண்டுவரும் பொருளுக்குத்தான் டெஸ்ட். நீங்களும் நானும் பையில் கொண்டுபோகும் பொருளுக்கு? 2025 ஜனவரி 28-ல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், கிளம்பத் தயாராக இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. 176 பேரும் தப்பினார்கள். மேல் அலமாரியில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றார்கள் விசாரணையாளர்கள். லித்தியம் பேட்டரித் தீ, துணித் தீ மாதிரி அல்ல. அணைந்த மாதிரி இருந்து மறுபடி எரியும். ஆக, பவர் பேங்கைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்க. உப்பியிருந்தால் வீட்டிலிருந்து எடுத்தே வராதீங்க. 'இறங்குங்க' என்று சொன்னால், மேலே இருக்கும் பையைத் தொடாதீங்க. யாரோ ரொம்ப வருஷம் உழைத்துச் சேமித்துக் கொடுத்த விநாடிகள் அவை. லேப்டாப்புக்காகச் செலவழிக்க உங்களுக்கு உரிமை இல்லை, பின்னால் நிற்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

லேபில் நிற்கும் மாணவ நண்பர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. வராத ரீடிங்கை வந்ததாக எழுதும் பழக்கம் இருக்கே... எக்ஸ்டர்னல் கண்டுபிடிக்க மாட்டார், மார்க்கும் வந்துவிடும். ஆனால் நாளைக்கு நீங்க டெக்ஸ்டைல், பாலிமர், கெமிக்கல், ஏரோநாட்டிகல் என்று எந்தப் பக்கம் போனாலும், விலகி நிற்கிற அந்த ஒரு ரீடிங்தான் உங்களிடம் ஏதோ சொல்ல வந்திருக்கும். கோபன்ஹேகனில் எரிந்த போர்வை அப்படி ஒரு ரீடிங்தான். ஐந்து வருஷம் அதை யாரும் சரியாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இந்த வாரக் கேள்வி: உங்க காலேஜில், ஆபீஸில், ஊரில், 'பாஸ்' என்று சீல் குத்தப்பட்டு ஆனால் நிஜத்தில் தேறாத விஷயம் எது? அதுக்கு நீங்க என்ன டெஸ்ட் வைப்பீங்க? கேன்டீன் சாம்பாரைத் தவிர வேற எதையாவது யோசிச்சு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!